‘மோட்டார் போயிருச்சு’ என்பவரிடம் கேட்க வேண்டியது

நூற்பாலையில் மின் பராமரிப்பு என் வேலை. ராத்திரி ஷிப்ட்டில் போன் அடித்தால் எதிர்முனையில் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "சார், மோட்டார் போயிருச்சு" என்பதுதான். எப்படித் தெரியும் என்று கேட்டால், "ஓட மாட்டேங்குது சார்" என்பார்கள். ஓடவில்லை என்பது அவர் கண்ணால் பார்த்தது. போய்விட்டது என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஃபியூஸ், கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, கதவு சரியாக மூடாததால் விடாமல் பிடித்திருக்கும் லிமிட் ஸ்விட்ச், யாரோ அழுத்திவிட்டு விடுவிக்க மறந்த எமர்ஜென்சி பட்டன் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. மோட்டார் அந்த வரிசையில் கிட்டத்தட்ட கடைசி ஆள்.

வேலையிலும் வீட்டிலும் பிரச்சினைகளை நன்றாகத் தீர்க்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் பத்தாவது தாண்டாதவர்கள், ஒருவர் பெரிய படிப்பு படித்தவர். இவர்களிடம் பொதுவாக இருப்பது மூளைக் கூர்மை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை. யாராவது ஒரு பிரச்சினையோடு வந்தால், வந்தவர் தன்னோடு சேர்த்துக் கொண்டுவந்த முடிவை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். ஆனால் நூறு பேர் கூச்சல் போடும் இடத்தில், புரொடக்ஷன் நிற்கும் நேரத்தில், முதலாளி பின்னால் நிற்கும்போது இதைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த நேரத்தில் கை எதையாவது கழற்றத் துடிக்கும். ஸ்பேனரை எடுத்துவிட்டால் வேலை நடப்பதுபோல எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

ஒரு பங்குனி மாதம். பஞ்சை நூலாக முறுக்கிச் சுற்றும் ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட்டில் பிரேக்கேஜ், அதாவது ஓடும்போதே நூல் அறுவது, திடீரென்று ஏறியது. ஸ்பின்னிங் மாஸ்டர், பஞ்சு கலக்கும் மிக்சிங்கில் போன பேல்தான், அதாவது பஞ்சுப் பொதிதான், சரியில்லை என்றார். மிக்சிங் ஆட்கள், நூலை வழிநடத்தும் டிராவலர் என்ற குட்டி வளையம் தேய்ந்துவிட்டது, மாற்றி ரொம்ப நாளாகிறது என்றார்கள். மெக்கானிக்கல் பக்கம் இருந்தவர் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டரில் ஸ்பீடு ஆடுகிறது என்று என் பக்கம் தள்ளினார். ஆளாளுக்குக் கையில் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே அடுத்த டிபார்ட்மென்ட்டின் காரணம். கடைசியில் ஒரு பெரியவர் நூல் சுற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தைக் கொஞ்சம் இறக்கி ஓட்டுங்கள் என்றார். இறக்கினால் பிரேக்கேஜ் குறையும், அதில் சந்தேகமே இல்லை. உற்பத்தியும் கூடவே குறையும். நோய் என்ன என்று தெரியாமலேயே மாத்திரையைப் பழக்கப்படுத்திக்கொள்வது மாதிரி, அப்படி இறக்கிய வேகம் பிறகு ஏறவே ஏறாது. வருஷக் கணக்கில் குறைந்த வேகத்திலேயே ஓடும் ஃபிரேம்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தாங்க, ஏத்துனா அறுக்கும்" என்பார்கள்.

அந்த ஷெட்டில் வேலை செய்த ஒரு மேஸ்திரி, ஒரு பழைய அட்டையை எடுத்துப் பின்பக்கத்தில் ஷெட்டின் படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்தார். எந்த ஃபிரேமில் அறுக்கிறது, எதில் அறுக்கவில்லை என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். மிக்சிங் காரணம் என்றால் அந்த நூல் ஓடும் எல்லா ஃபிரேமிலும் அறுக்க வேண்டும். அறுக்கவில்லை. டிராவலர் காரணம் என்றால் மாற்றும் தேதியை ஒட்டி ஏறி இறங்க வேண்டும். அதுவும் இல்லை, டிராவலர் புதிதாகப் போட்ட ஃபிரேமிலும் அறுத்தது. இன்வெர்ட்டர் என்றால் காலையிலும் அறுக்க வேண்டுமே? காலையில் ஒழுங்காக ஓடுகிறது. அட்டையில் பார்த்தபோது புள்ளிகள் எல்லாம் ஷெட்டின் மேற்கு மூலையில் குவிந்திருந்தன. நேரம் போட்டுப் பார்த்தால் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. யாரும் எதையும் கழற்றவில்லை, ஒரு பைசா செலவில்லை, அதற்குள் மூன்று சந்தேகங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டன.

மேஸ்திரி செய்தது இதுதான்: பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தேடுவதோடு, எங்கே இருந்திருக்க வேண்டியும் இல்லை என்று தேடுவது. கெப்னர், ட்ரெகோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1950களில் இதை முறைப்படுத்தி, பிறகு கம்பெனி கம்பெனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் மேஸ்திரிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மதியம், மேற்கு மூலை என்றதும் ஈரப்பதம் ஞாபகத்துக்கு வர வேண்டும், வந்தது. பருத்தி இழைக்கு ஈரம் ஏறினால் பலம் கூடும், காய்ந்தால் பலம் குறையும். காற்று காய்ந்தால் நிலைமின்சாரமும் சேர்ந்துகொள்ளும், இழைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பஞ்சு பறக்கும், ரோலரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் ஸ்பின்னிங் ஷெட்டில் ஆர்.ஹெச்., அதாவது காற்றின் ஒப்பு ஈரப்பதம், 55-லிருந்து 60 சதவீதம் என்று ஒரு கட்டுக்குள் வைக்க ஹியூமிடிட்டி பிளான்ட் ராத்திரி பகலாக ஓடுகிறது. ஆனால் ரெஜிஸ்டரைப் புரட்டினால் எல்லா மதியமும் 60, 61 என்று அழகாக எழுதியிருந்தது. ஈரப்பதம் சரியாக இருக்கிறது, ஆகவே அது காரணம் இல்லை என்று அந்தச் சந்தேகத்தையும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போக எல்லோரும் தயார்.

அப்போதுதான் அந்த மூலையில் சைடராக, அதாவது ஃபிரேமைப் பார்த்துக்கொண்டு அறுந்த நூலை ஒட்டும் வேலையில், இருக்கும் ஒரு அக்கா, யாரும் கேட்காமலே சொன்னார்: "மத்தியானமானா நூலு கையோட ஒட்டிக்கிட்டு வருதுங்க சார். கையில ரோமமெல்லாம் நிக்குது." இதைவிடத் தெளிவாக எந்த மீட்டரும் பேசாது. ரெஜிஸ்டர் 61 என்கிறது, அக்காவின் கை காய்ந்துபோச்சு என்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

சுவரில் மாட்டியிருந்தது பழைய இரட்டைத் தெர்மாமீட்டர். ஒன்று வறண்ட பல்பு, இன்னொன்றின் அடியில் திரி சுற்றி அந்தத் திரியின் நுனி ஒரு சின்னத் தண்ணீர்ச் சிமிழில் மூழ்கியிருக்கும். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்தப் பல்பு குளிரும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் ஆர்.ஹெச். பார்ப்பார்கள். சிமிழில் தண்ணீர் இருந்தது. திரியைத் தொட்டுப் பார்த்தால் பஞ்சுத் தூசியும் உப்பும் ஏறிக் கட்டையாக இறுகியிருந்தது. அதில் தண்ணீர் ஒழுங்காக ஏறினால்தானே பல்பு முழுசாகக் குளிரும்? காற்று எவ்வளவு காய்ந்தாலும் அந்தத் தெர்மாமீட்டர் ஈரம் இருக்கிறது, ஈரம் இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கையால் சுழற்றும் சைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு நடந்தோம். ஷெட்டின் நடுவில் வறண்டது 33, ஈரமானது 26, அதாவது ஆர்.ஹெச். 57 பக்கம். மேற்கு மூலையில் 34-ம் 24.5-ம். அட்டவணையில் பார்த்தால் 46-ஐத் தாண்டவில்லை.

மூலை மட்டும் ஏன் காய்கிறது என்ற கேள்விக்குப் பதில் தேட அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்தில் புது கோனிங் மிஷின் இறக்குவதற்காக ஒரு ஷட்டரைக் கழற்றித் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காலையில் காற்று இல்லை, தார்ப்பாய் சும்மா தொங்கும். மதியக் காற்றுக்கு அது தூக்கிக்கொள்ளும், வெளியே இருக்கும் பங்குனி வெயில் அப்படியே உள்ளே வரும். ஷட்டர் வரும்வரை பிளைவுட் அடித்தார்கள், திரியை மாற்றினார்கள். அடுத்த வாரம் அட்டையில் புள்ளி வைக்க வேலையே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஷட்டர் இல்லை, அந்தத் திரிதான். பிரச்சினை என்று தேடப் போகும்போது அளக்கிற கருவியை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஆளைத்தான் சந்தேகப்படுகிறோம். "அந்தப் பக்கத்து சைடருங்க சரியா பார்க்கறதில்லை" என்று ஒருவர் ஏற்கெனவே மீட்டிங்கில் சொல்லியிருந்தார்.

காரணம் தேடும் முறை என்றால் டொயோட்டாவின் ‘ஐந்து ஏன்’ எல்லா டிரெய்னிங்கிலும் வந்துவிடும். டொயோட்டாவின் வேர் தறியில் இருக்கிறது என்பது நம் தொழில்காரர்கள் பலருக்கே தெரியாது. சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறியில், இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி மீட்டர் கணக்கில் நெய்யப்பட்டுவிட்ட பிறகு யார் தவறு என்று விசாரிப்பதைவிட, அறுந்த அந்த நொடியிலேயே நின்று, அங்கேயே பார்ப்பது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ், அன்றைக்கு ஜவுளி இயந்திரத்தில் உலகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று, அந்தத் தறியின் காப்புரிமையை விலைக்கு வாங்கியது. பின்னால் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ, ஏன் என்று ஐந்து முறை கேட்கும் பழக்கத்தை விளக்க ஒரு உதாரணம் சொல்வார். மிஷின் நின்றது, ஏன்? ஓவர்லோடில் ஃபியூஸ் போனது. ஏன் ஓவர்லோட்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் திரும்பவும் போயிருக்கும்.

அருமையான உதாரணம். ஆனால் நம் ஊர் கம்பெனிகளில் இதை ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ஒரு படிவத்தில் நிரப்புகிறார்கள். முதல் ஏன் மிஷினைப் பற்றி, இரண்டாவதும் மிஷினைப் பற்றி, மூன்றாவதில் ஆபரேட்டர் உள்ளே வந்துவிடுவார், ஐந்தாவதில் "போதிய பயிற்சி இல்லை" என்று முடியும். நடவடிக்கை: பயிற்சி வழங்கப்பட்டது. கையெழுத்து, தேதி, ஃபைலில் போட்டாச்சு. ஓனோவின் சங்கிலி ஒரு வடிகட்டியில் போய் முடிகிறது, கையால் தொடக்கூடிய ஒன்றில். நம் சங்கிலி ஒரு ஆளின் பெயரில் போய் முடிந்தால், அங்கே விசாரணை பாதியில் நின்றிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆள் மாறினாலும் வடிகட்டி இல்லாதது இல்லாததுதானே.

வீட்டுக் கதை ஒன்று. சித்தி வீட்டில் தீபாவளிக்குப் பிறகு சாயங்காலமானால் கரண்ட் போய்விடுகிறது, மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி., பலரும் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே சொல்லும் அந்த ஸ்விட்ச், விழுந்துவிடுகிறது. போனில், "ஏங் கண்ணு, வீட்டு வயரிங் மொத்தமும் போச்சாமா, மாத்தோணும்னு சொல்லிட்டுப் போயிருக்கறாரு, நாப்பதாயிரம் ஆகுமாமா" என்றார். "மாத்தறது இருக்கட்டும் சித்தி. விழறப்ப என்ன ஓடிட்டு இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணும் ஓடலீயே, டி.வி.கூடப் போடல" என்றார். வந்த எலெக்ட்ரீஷியன், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனியாக இருக்கும் எம்.சி.பி. ஸ்விட்ச் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றியிருக்கிறார், அப்போதும் விழுந்திருக்கிறது. எல்லாச் சர்க்யூட்டையும் அணைத்தும் விழுகிறது என்றால் ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போட்டிருக்கிறார். புதிதும் விழுந்தது. அப்புறம்தான் மொத்த வயரிங் என்ற முடிவு.

அந்த மனிதர் யோசித்த விதத்தில் பாதி சரி. பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார், நல்ல பழக்கம். இடறிய இடம் ஒன்றுதான். வீடுகளில் போடும் சாதாரண ஒற்றைக் கம்ப எம்.சி.பி.யை இறக்கினால் பேஸ் மட்டும்தான் அறும். நியூட்ரல் வயர்கள் எல்லாம் போர்டில் ஒரே பட்டையில் சேர்ந்தபடியே இருக்கும். ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை, பேஸ் வழியாகப் போன கரண்ட்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய கரண்ட்டும் ஒன்றா என்று பார்ப்பது. வித்தியாசம் வந்தால், வீட்டுக்குப் போடுவதில் 30 மில்லி ஆம்பியர் எட்டுவதற்குள், விழுந்துவிடும். வீட்டுக்குள் எங்கேயாவது ஒரு நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டால், ஒரு விளக்குகூட எரியாமல் இருந்தாலும் அது விழலாம். எல்லாவற்றையும் அணைத்தாயிற்று என்று அவர் நினைத்தது உண்மையில் பாதியைத்தான் அணைத்தது.

சாயங்காலம் மட்டும் ஏன்? இதுதான் சித்தியைப் பேய் பிசாசு வரைக்கும் யோசிக்க வைத்தது. தெரு முழுக்க ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே நியூட்ரல். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு, மிக்ஸி, ஏ.சி. என்று லோடு ஏறும்போது நியூட்ரலில் சில வோல்ட் ஏறி நிற்கும். பகலில் அந்த வோல்ட் ரொம்பக் குறைவு, வீட்டில் லோடும் இல்லை, கசிவு 30-ஐத் தொடாது. பிரச்சினை நாள் முழுக்க அங்கேதான் இருக்கிறது, சாயங்காலம்தான் வெளியே தெரிகிறது.

அப்புறம் நான் கேட்டது, தீபாவளிக்கு வீட்டில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று. "வெள்ளையடிச்சோம், வேறொண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆங், ஹால்ல ஸ்கிரீன் போட கம்பி அடிச்சோம்." எப்போதும் இப்படித்தான், "வேற ஒண்ணும் இல்லை" என்பதற்குப் பிறகுதான் விஷயம் வரும், அதனால் அந்த இடத்தில் போனை வைத்துவிடாமல் சும்மா காத்திருக்க வேண்டும். நேரில் போய், அந்த எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் பட்டையிலிருந்து வயர்களைக் கழற்றி ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவே மெகர் என்ற இன்சுலேஷன் மீட்டரை வைத்துப் பார்த்தோம். ஹால் சர்க்யூட் மட்டும் காட்டிக்கொடுத்தது. ஸ்கிரீன் கம்பியின் ஒரு ஸ்க்ரூ சுவருக்குள் இருந்த பைப்பைத் துளைத்து நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவை எடுத்து, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் வயர் மாற்றியாச்சு. (ஒரு எச்சரிக்கை, தெரியாதவர்கள் போர்டைத் திறக்க வேண்டாம். சில பேர் தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடுகிறார்கள். உயிரைக் காக்கிற ஒன்றைத் தொல்லை என்று கழற்றுவதைப் பற்றி நான் இங்கே எழுத ஆரம்பித்தால் பதிவு வேறு பக்கம் போய்விடும்.)

எலெக்ட்ரீஷியன் ஏமாற்றுக்காரர் இல்லை. போனதும் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்ற அழுத்தம் அவருக்கு. "இன்னும் தெரியலை, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொன்னால் நாம் வேறு ஆளைக் கூப்பிடுகிறோம். மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொல்பவரை நம்புகிறோம். இதில் வாடிக்கையாளர்களான நமக்கும் பங்கு உண்டு.

மிஷின், வயர் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பெரிய அளவில் யோசிக்கும்போது கேள்வியே தவறாக இருப்பதுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள், அதாவது தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்திரங்கள், கடலில் போய்விட்டன. தூண்கள் நின்றன, நடுவில் கப்பலுக்குத் திறக்கும் ஷெர்சர் பகுதி தப்பித்தது. ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். வேலையை ஏற்றவர் 32 வயது ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். அத்தனை கர்டர்களையும் எங்கிருந்து புதிதாகச் செய்து கொண்டுவருவது என்பதுதான் எல்லோர் முன்னாலும் இருந்த கேள்வி. அந்தக் கேள்விக்குள் கடலில் போனது போனதுதான் என்ற முடிவு ஒளிந்திருக்கிறது, யாரும் சோதித்துப் பார்க்காத முடிவு. கர்டர்கள் கடலுக்கடியில் கிடக்கின்றன என்ற தகவல் மீனவர்கள் மூலம் வந்தது. அவற்றைத் தூக்கி, திரும்பப் பயன்படுத்தி, 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்கள். ஸ்ரீதரனின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, கடலடியிலிருந்து அவ்வளவு கனமான கர்டர்களைத் தூக்கித் தூணில் உட்கார வைக்க வழி கண்டுபிடிப்பது சாதாரண விஷயமா என்ன. ஆனால் மீனவர் சொன்னதைக் கேட்டு எடுத்துக்கொண்ட காது இல்லாமல் அந்த 46 நாள் இல்லை. எங்கள் ஷெட்டில் சைடர் அக்கா சொன்னதுபோல, தினமும் அந்த இடத்தில் புழங்குபவருக்குத் தெரிந்த ஒன்று படிவத்தில் எங்கேயும் வராது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையும் எனக்கு இந்த வகையில்தான் சேரும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒரு அறுவை சிகிச்சை நிபுணர். ஏழைகளுக்கு கண்புரை ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் போதாது என்பது அன்றைக்கு எல்லோரும் சொன்னது, இன்றைக்கும் சொல்வது. அங்கே தியேட்டரில் போய்ப் பார்த்தால் இரண்டு மேஜை போட்டிருப்பார்கள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளியைத் தயார்செய்து வைத்திருப்பார்கள், டாக்டர் இந்தப் பக்கம் முடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புவார், அவ்வளவுதான். டாக்டர் குறைவு என்று சொல்லப்பட்டதில் ஒரு பெரிய பங்கு, டாக்டரின் நேரம் காத்திருப்பதில் போனதுதான். நோயாளியைத் தயார்செய்வது, கண்ணை அளப்பது எல்லாம் அங்கேயே பயிற்சி கொடுத்த பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றபோது 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸை அங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். போதவில்லை என்ற சொல்லை யார் சொன்னாலும், எது, எந்த இடத்தில் போதவில்லை என்று கேட்கலாம் போலிருக்கிறது.

வீட்டில் பையன் பள்ளிப் பேருந்தை அடிக்கடி விட்டுவிட்டான், கொண்டுபோய் விடுவது என் தலையில் விழுந்தது. "சோம்பேறி, ராத்திரி போன் பார்க்கறான்" என்று வீட்டில் தீர்ப்பு வந்தாயிற்று. சமையலறைக் காலண்டரில், விட்ட நாளில் மட்டும் ஒரு சுழி போடச் சொன்னேன். பார்த்தால் சுழி எல்லாம் செவ்வாயிலும் வெள்ளியிலும். அந்த இரண்டு நாளும் பி.டி. வகுப்பு, வெள்ளை கேன்வாஸ் ஷூ. அது எங்கே கிடக்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும், ஒன்று மொட்டை மாடியில் காயும், இன்னொன்று கட்டிலுக்கு அடியில். ஷூவுக்கு வாசல் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தேன். போன் பார்ப்பது இன்னும் தொடர்கிறது, அது வேறு பஞ்சாயத்து.

மனிதர்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் இப்படிச் சுழி போட்டுத் தீர்த்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறில் போய் "எப்போதிலிருந்து, எங்கே" என்று கேட்டால் முப்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தியில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்பதில் போய் நிற்கும். அங்கே காரணம் கண்டுபிடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதை விட்டுவிடுவோம்.

தீர்வு செய்யும் விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பிரேக்கேஜ் வந்தால் டிராவலரையும் மாற்றி, வேகத்தையும் இறக்கி, மிக்சிங்கையும் மாற்றி, பிளான்ட்டில் தண்ணீரையும் கூட்டி, நாலையும் ஒரே நாளில் செய்தால் பிரச்சினை போய்விடும்தான். எது போக்கியது என்று தெரியாது. அடுத்த வருஷம் அதே பங்குனியில் திரும்பவும் நாலையும் செய்ய வேண்டும், அதற்குள் அந்த நாலில் மூன்று நிரந்தரச் செலவாக மாறியிருக்கும். அவசரத்துக்கு ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது, போடுங்கள், நானும் போடுவேன். எங்கள் இடத்தில் ஒட்டுப் போட்ட இடத்தில் சிவப்பு அட்டை கட்டுவோம், என்ன செய்தோம், யார் செய்தது, என்றைக்கு எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஆடிட் வரும்போது அந்த அட்டைகள் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு அதிகாரி எடுக்கச் சொன்னார். அட்டையை எடுக்கலாம், அடியில் இருக்கிற ஒட்டு அப்படியேதான் இருக்கும் என்று மேஸ்திரி சொன்ன பிறகு அவர் வற்புறுத்தவில்லை.

புதிதாக வரும் டிப்ளமோ பையன்கள் கேட்கிறார்கள், இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது என்று. பெரிய வழி ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இடது பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மீட்டர் காட்டியது. வலது பக்கம் நீ நினைப்பது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வலது பக்கத்தில் பாதிக்கு மேல் அடித்திருப்பாய், இடது பக்கத்தில் அடிக்க ஒன்றும் இருக்காது. சில பேர் எழுதுகிறார்கள். பல பேர் போனில் படம் எடுத்து குரூப்பில் போட்டு "அண்ணா இது என்ன ஃபால்ட்" என்று கேட்கிறார்கள், ஐந்து நிமிஷத்தில் பதினாறு பதில் வரும், பதினாறும் வலது பக்கத்துச் சமாச்சாரம்.

இப்போது எங்களிடம் ஒன்று தீராமல் கிடக்கிறது. மிஷின்களுக்கு அழுத்தக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரின் கரண்ட் யூனிட் சில வாரங்களாக மெதுவாக ஏறுகிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மில் நிற்கும்போது லைன் முழுக்க பிரஷரில் வைத்துப் பார்த்தால் முள் இறங்கவே மாட்டேன் என்கிறது, அதாவது நிற்கும்போது கசிவு இல்லை. கம்ப்ரஸருக்கே ஓவர்ஹால் பார்த்துவிடலாம் என்று ஆபீஸில் மதிப்பீடு வாங்கியிருக்கிறார்கள். மிஷின் ஓடும்போது மட்டும் திறக்கும் வால்வுகளில் கசிந்தால் ஞாயிற்றுக்கிழமை எப்படித் தெரியும் என்று, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மிஷினைப் பார்க்கும் ஃபிட்டர் கேட்டார், நல்ல கேள்வி. வேலை நடக்கும் ஒரு ராத்திரி ஷிப்ட்டில் ஆட்டோகோனர் லைனை மட்டும் ஒவ்வொரு மிஷினாக மூடி, கம்ப்ரஸர் லோடு ஆகும் நேரத்தைக் குறித்துப் பார்ப்பதாக இருக்கிறோம். அதுவரை ஓவர்ஹால் ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதே மாதிரி யாராவது பார்த்திருந்தால், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.